சோடா அண்ணன் போட்ட ஆல்பம்

கடவுளையே அவசரப்படுத்தின மனுஷன் உலகத்திலே ஒருத்தர்தான். அவர் எங்கள் காஜா பெராங் தெரு சோடா அண்ணன். ஞானஸ்நானத்தில் என்ன பேர் வைத்தார்களோ, கோயில் சாமியாரே "சோடா" என்றுதான் கூப்பிடுவார்.

சோடா வண்டியைத் தள்ளிக்கொண்டே டிரம்பெட் ஊதுவார். கலர் சோடா கேட்டால் சும்மா கொடுக்க மாட்டார்.

"காலையில ஜெபம் பண்ணினியா?"

இல்லை என்றால் வெறும் சோடாதான். மளிகைக்கடை பாயையும் விடமாட்டார்.

"பாய், தொழுதாச்சா?"

"ஆச்சுண்ணே, ஆரஞ்சைக் கொடுங்க. தொண்டை காயுது!"

கோயில் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலை. உஜோங் பாசிரிலிருந்து வரும் போர்த்துகீசிய மிக்கேல் பிடில் வாசிப்பான். பாடுவது நான். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும், ஆனால் ஒரு தடவை காதில் விழுந்த பாட்டு அப்புறம் போகாது. பாட்டுக் கட்டுவது அண்ணன் பெண்சாதி மேரியக்கா. சோடா பாட்டில் கழுவிக்கொண்டே கட்டுவார். வயிற்றில் பிள்ளை இருந்தபோது நாலு பாட்டுக் கட்டினார். பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

சவ ஊர்வலத்தில் அண்ணன் ஊதினார் பாருங்கள், கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு வேகம் கிடையாது. பெட்டி தூக்கினவர்களுக்கு மூச்சு வாங்கியது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"சோடா, மெதுவாய்யா!"

"அவ அப்பன் வீட்டுக்குப் போறா சாமி. எதுக்கு ஊர்ந்து போகணும்?"

சொல்லிவிட்டு மறுபடி ஊதினார். கண்ணீர் குழலுக்குள்ளே இறங்கி, சத்தம் கொழகொழவென்று வந்தது. சிரிப்பதா அழுவதா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. தெருவெல்லாம் கொடி, ஒரே கொண்டாட்டம். சோடா நன்றாக ஓடியது. அண்ணன் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"சிங்கப்பூர்ல பாட்டுத் தட்டு வெட்டுற ஆள் இருக்கான். மேரியோட நாலு பாட்டையும் ஆல்பமாப் போடப்போறேன். பிள்ளை பிலோமினா பெரிசாகி, அம்மா எப்படின்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன் தங்கச்சி? ஒரு போட்டோகூட இல்லையே."

போனோம். சின்ன அறை, நடுவில் கம்பத்தில் நட்டுவைத்த மைக். மெஷினுக்குப் பின்னால் ஒரு சீனத் தம்பி. மூன்று பாட்டு நல்லபடியாக முடிந்தது. நாலாவதில் "தலை சாய்ந்தாரே என் ஆண்டவர்" என்று ஒரு வரி. பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளை வாசிக்கும்போது ஆண்டவர் உயிர்விட்டார் என்றதும் கோயிலே முழங்காலில் நிற்குமே, எங்களுக்கு அது ரத்தத்திலேயே ஊறினது. அந்த வரி வந்ததும் குழு மொத்தமும் தடாலென்று முழங்காலில் விழுந்தோம். மைக் மட்டும் மேலே நின்றது.

தம்பி காதுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான். "அடோய்! சுவாரா மானா?" குரல் எங்கே போச்சு என்கிறான்.

விஷயத்தைச் சொன்னோம். வெறும் தட்டு இன்னும் ஒன்றுதான் மிச்சம், இந்த முறை நின்றே பாடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டான்.

"அண்ணே, காலைக் கட்டிப் போடவா?" என்றான் மிக்கேல்.

"உன் காலைப் பாருடா," என்றார் அண்ணன்.

பாடினோம். நிற்கவேண்டும், நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பாடினேன். அந்த வரி வந்தது. முதலில் மடங்கினது அண்ணன் முழங்கால்தான். அப்புறம் யார் நிற்பது? தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பாட்டை மட்டும் நிறுத்தாமல் முடித்தோம்.

திரும்பி வரும்போது, மூவார் தாண்டின பிறகு அண்ணன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "மேரி பாட்டைக் கெடுத்துட்டேன் தங்கச்சி."

புத்தகம் மாதிரி அட்டை போட்டு ஆல்பம் வந்தது. பிரிக்காமலே அலமாரி மேலே ஏற்றிவிட்டார். கலர் கேட்டவர்களிடம் ஜெபம் பண்ணினாயா என்று கேட்பதையும் விட்டுவிட்டார். தெருவே பயந்துபோனது.

பிலோமினா ஓடி ஆடும் வயசில் ஒரு நாள், அந்த அட்டை வேண்டும் என்று அடம்பிடித்து அழுதாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தட்டைப் பார்த்ததும் பாட்டுப் போடு என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கிராமபோனைச் சுற்றினார். கைக்கு வந்தது அந்த நாலாம் பாட்டுதான். பாடிக்கொண்டே வந்து, அந்த வரியில் என் குரல், பிடில், டிரம்பெட் எல்லாம் கிணற்றுக்குள் போனமாதிரி இறங்கிப்போனது.

பிள்ளை குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, பாட்டு எங்க போச்சு?"

அண்ணன் அவள் பக்கத்தில் குந்தினார்.

"கீழ போயிருக்கு கண்ணு. இப்ப எழும்பி வரும் பாரு."

அடுத்த வரி "எழுந்தாரே". நாங்கள் எழும்பிப் பாடின வரி. அத்தனை சத்தமும் ஒன்றாக மேலே வந்தது. பிள்ளை கை தட்டிக் குதித்தாள். அண்ணன் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். பழையபடி ஜெபம் பண்ணினாயா என்று கேட்டார், ஆனால் அன்றைக்குப் பண்ணாதவர்களுக்கும் கலர் கிடைத்தது.

சோடா அண்ணன் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கீழே போயிருக்கிறார் என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.