வட்டம் அம்மையாரின் கலர் பென்சில்

தன் சரக்கைத் தானே பழித்து, பழித்த இடத்தை வாங்குபவருக்கு விரல்வைத்துக் காட்டி, அதற்குப் பிறகும் விற்று முடித்த வியாபாரி இப்பூவுலகில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் குடியாத்தத்தில் பிறந்தார். மறுப்பவர்கள் தக்க ஆதாரத்துடன் எனக்கு எழுதலாம். ஆம்பூருக்கு அருகே தோல் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வியாபாரிகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே புழங்கியது. தொழிற்சாலை முழுவதற்கும் அவர் 'வட்டம்'. உடன் வேலைசெய்த பெண்களுக்கு 'வட்டக்கா'. எவரையும் வெறும் பட்டப்பெயரால் அழைப்பது என் வளர்ப்புக்கு ஒவ்வாது என்பதால், நான் 'வட்டம் அம்மையார்' என்று மரியாதை சேர்த்தே குறிப்பிட்டு வந்தேன்.

பெயருக்குக் காரணம் உண்டு. பதனிட்டு நிறமேற்றிய தோல், ஷூவுக்காக வெட்டப்படும் முன் அவருடைய மேசைக்கு வரும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் அதை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பிக் கீறல், சூடுபோட்ட வடு என்று ஒவ்வொரு குறையையும் சில்வர் பேனாவால் வட்டமிடுவார். வெட்டுபவர் அந்த வட்டங்களை விலக்கி வெட்ட வேண்டும். குறை சிறிதாக இருந்தால், "கட்டிங்ல போய்டும்" என்று தீர்ப்பளிப்பார். பெரிதாக இருந்தால் தீர்ப்பே கிடையாது. தோலைப் புறம் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்ததை இழுப்பார்.

இப்பழக்கம் மேசையோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. கேன்டீன் தோசையில் கருகிய இடத்தை விரலால் வட்டமிட்டு மாஸ்டரிடம் திருப்பி அனுப்புவார். ஒருமுறை தையல் பிரிவுப் பெண் ஒருத்தி, தனக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் புகைப்படத்தை வெட்கத்தோடு நீட்டினாள். அம்மையார் அதை ஜன்னலருகே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"இடது காதாண்ட ஒரு வெட்டு இருக்குது பாத்தியா?"

"ஐயோ, வட்டக்கா!"

"பயப்படாத. கட்டிங்ல போய்டும்."

அந்த மாப்பிள்ளைக்கு ஊரில் இன்றளவும் 'கட்டிங்' என்றே பெயர்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பெரிய கொள்முதல்காரர் ஒருவர் வந்திருந்தார். நான் பட்டுக் கழுத்துப்பட்டையுடன் எங்கள் தோலின் குறையின்மையைப் பற்றி நல்ல ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மையார் எழுந்து வந்தார்; என் கழுத்துப்பட்டையின் நுனியைப் பிடித்தார்; அதிலிருந்த சாம்பார்த் துளியைச் சுற்றி அழகாக ஒரு வெள்ளி வட்டம் போட்டுவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். கொள்முதல்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, அன்றே ஆர்டர் கொடுத்தார். அந்த ஆர்டர் என் ஆங்கிலத்தால் கிடைத்தது என்பதே என் கருத்து.

இத்தகையவர் ஓய்வுபெற்றால் வீட்டிலிருப்போர் கதி என்னாவது என்று நாங்கள் அஞ்சினோம். அவரோ ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கினார். ஏன் பெயின்ட் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"பெயின்ட்டு மூடிடும் சார். மட்டமான தோலுக்கு மேல ஸ்ப்ரே அடிச்சா பளபளன்னு ஆய்டுது இல்ல, அந்த மாதிரி. பென்சில் மூடாது. அடியில இன்னா இருக்கோ அது தெரியும்."

அவர் முதலில் வரைந்தது ஓர் எருமையின் முகம்.

"இத்தினி வருசம் தோலத்தான் பாத்தேன். அதுக்கு மூஞ்சி எப்டி இருந்திச்சின்னு ஒரு நாளும் பாக்கல. அதான் மூஞ்சிலேர்ந்து ஆரம்பிச்சேன்."

அந்த எருமையை நான் கண்டேன். பென்சில்மேல் பென்சிலாக எத்தனையோ நிறங்களை அடுக்கி, ஒவ்வொரு ரோமமாக எழுப்பியிருந்தார். கலைவிமர்சனம் என் துறையன்று. ஆயினும், பக்கத்தில் நின்றால் அது மூச்சுவிடும் என்று தோன்றியதைப் பதிவுசெய்கிறேன். பிறகு பாலாற்று மணல், பிரியாணி வேகும் தேக்சாப் பாத்திரம், பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் முகங்கள் என்று வரைந்து தள்ளினார். கேட்டவர்கள் பெருகினார்கள். மூலப்படத்தைத் தர மனம் வரவில்லை. ஆகவே பிரிண்ட் போட்டு விற்பது என்று முடிவாயிற்று.

பிரிண்ட் போட்டவர் கல்யாண பேனர் அடிக்கும் அச்சகக்காரர்; பாவம் அறியாதவர். அவர் நீட்டிய முதல் பிரிண்டை அம்மையார் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, உள்ளே வந்து மேசையில் கவிழ்த்துப் போட்டார்.

"இன்னாக்கா, எருமை கருப்பா வந்துகீது. வேற இன்னா வேணும்?"

"எருமை கருப்புன்னு எவன் சொன்னான்? வெயில்ல நிக்க வச்சிப் பாரு. ஊதா தெரியும், செங்கல் கலர் தெரியும், கொம்பாண்ட நீலம் தெரியும். உன் மிஷினு எல்லாத்துக்கும் மேல தார ஊத்திக் குடுக்குது."

"பேஜார் பண்ணாதக்கா. கல்யாணப் பொண்ணுங்களையே நான் செவப்பாக்கிக் குடுக்குறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"அதான் தப்பு."

பல நாள் போராட்டத்துக்குப் பின் ஓரளவு தேறிய பிரிண்டுகள் வந்தன. அவற்றை விற்பனைக்கு வைக்கும் முன் அம்மையார் சில்வர் பேனாவை எடுத்தார். நிறம் பிசகிய இடம், கோடு மங்கிய இடம், தாம் வரைந்ததிலேயே கை தவறிய இடம் என்று எதையும் விடாமல் வட்டமிட்டு, வட்டத்துக்குத் தக்கபடி விலையைக் குறைத்து, தேவாலயத்து ஞாயிறு விற்பனையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். முதலில் வந்தவர் திமிரியிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி.

"இன்னாம்மா இது, புதுசுன்னு சொல்லிட்டு மேல கிறுக்கி வச்சிகிற?"

"கிறுக்கல் இல்ல. கொம்பு கோணலா போய்ட்ச்சி. இன்னிக்கி நான் காட்டலன்னா நாளைக்கு நீ வந்து காட்டுவ."

"நான் கண்டுபுடிச்சிருக்கவே மாட்டேனே!"

"நான் கண்டுபுடிச்சிட்டேனே."

அவர் வாங்கிக்கொண்டுதான் போனார். அதுதான் அதிசயம். நம்மூரில் குறையே இல்லை என்று சொல்லப்படும் பொருளைத்தான் எவரும் நம்புவதில்லை. வட்டம் அம்மையாரின் படத்தில் குறை எங்கே, எத்தனை என்பது வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் நிறைதானே என்று மக்கள் நிம்மதியாக வாங்கினார்கள். வட்டம் இல்லாமல் ஒன்றாவது தரக்கூடாதா என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"வட்டம் இல்லாம என் கைய விட்டு ஒண்ணும் போனதில்ல சார். போவவும் போவாது."

இந்த நிலையில்தான் நான் கல்வி பயின்ற வேலூர்க் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் எனக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று தீர்மானித்தது. மேடையில் என் உருவப்படம் திறக்கப்படும். வருவோர் ஒவ்வொருவருக்கும் தாம்பூலப் பையுடன் அதன் பிரதி ஒன்று தரப்படும். புகைப்படம் ஆதார் அட்டைக்குப் போதும்; விழாவுக்குப் போதாது. ஆகவே வட்டம் அம்மையாரையே அழைத்தேன். பல்லாண்டு சேர்த்த மதிப்பு அந்த ஒரு படத்தில் நிற்கவிருந்தது என்பதை நான் மறந்துவிடவில்லை.

அவர் என்னை ஜன்னலருகே உட்காரவைத்து, மேசைக்கு வந்த தோலைப் போலவே பார்த்தார்.

"நெத்தியில கோடு ஜாஸ்தி. கழுத்துல சுருக்கம். மூக்காண்ட மச்சம். தாடையில பழைய வெட்டு. யாருனா புடிச்சித் தள்ளிட்டாங்களா சார்?"

"சவரத்தின்போது ஏற்பட்டது. வேலையைப் பாருங்கள்."

வரைந்து முடித்த படத்தைப் பார்த்தேன். என் முகம்தான், ஐயமில்லை. ஆனால் கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. விருந்தினர் அதை வீட்டுக்கு எடுத்துச்சென்றால் குழந்தைகள் அழும்.

"இது வேண்டாம். சற்றுப் புன்னகை வேண்டும்."

"இருந்தா போட்டுருப்பேனே சார்."

"இப்போது வைக்கிறேன். வரையுங்கள்."

பிற்பகல் முழுவதும் புன்னகைத்தபடியே அமர்ந்திருந்தேன். இரவு உணவின்போதும் தாடை வலித்தது. புதிய படம் நன்றாகவே அமைந்தது. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்.

"என் முகத்தில் ஒரு வட்டம்கூட இருக்கலாகாது."

"குறை இருந்தாத்தான் சார் போடுவேன்" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நாளில் சங்கத் தலைவர் திரையை இழுத்தார். மேடை விளக்கொளியில், என் உதடுகளைச் சுற்றி ஒரு பெரிய வெள்ளி வட்டம் தகதகவென்று மின்னியது. அதே சமயம் அரங்கமெங்கும் தாம்பூலப் பைகள் சரசரவென்று திறக்கப்படும் ஓசை கேட்டது. எல்லாப் பிரதியிலும் வட்டம் இருந்தது.

"இன்னாபா, வாய்க்கு வளையம் போட்டுகிறாங்க?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

நிலைமையைச் சமாளிக்கும் எண்ணத்தில் தலைவர் அம்மையாரை மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். செய்திருக்கவே கூடாது.

"சார் மூஞ்சில கோடு இருக்குது, மச்சம் இருக்குது, வெட்டு இருக்குது" என்று அவர் நிதானமாகத் தொடங்கினார். "அதெல்லாம் குறை இல்ல. அதெல்லாம் மாட்டோட வந்தது. இந்தச் சிரிப்பு மட்டும் மேல அடிச்ச ஸ்ப்ரே. அதான் வட்டம் போட்டேன். நல்லா பாத்து வாங்கிக்கோங்க."

அரங்கம் இடிந்து விழுந்தது என்றே சொல்ல வேண்டும். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் முன்வரிசையில் இருந்தார். அவர் என் மனைவி.

"ஏங்க, நாப்பது வருசமா நான் சொல்லத் தெரியாம இருந்தேன். அந்தம்மா ஒரு வட்டத்துல சொல்லிட்டாங்க" என்று காரில் திரும்பும்போதும் அடக்கமாட்டாமல் சிரித்தார். மேடையில் நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதற்கும் ஒன்று விழுந்திருக்கும்.

சில மாதங்கள் நான் அம்மையாருடன் பேசவில்லை. பிறகொரு நாள் பேரணாம்பட்டுச் சாலையில் போகும்போது, கட்டிக்கொண்டிருந்த வீடொன்றின் முகப்பில் திருஷ்டிப் பூசணிக்குப் பக்கத்தில் ஒரு முகத்தைக் கண்டு காரை நிறுத்தச் சொன்னேன். நான் வேண்டாமென்று தள்ளிய முதல் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, எலுமிச்சை மிளகாயோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"யாரப்பா இது?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"தெரில சார். பாத்தா பயமா இருக்குதுன்னு ஓனர் வாங்கியாந்து மாட்டுனாரு. இவர மாட்டுன நாள்லேர்ந்து ஒரு சிமெண்ட் மூட்டகூட காணாமப் போவல." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார்... உங்க அண்ணனா?"

"தூரத்து உறவு" என்றேன்.

இந்த முகத்தில் எத்தனை வட்டங்களோ என்று நெருங்கிப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் இல்லை. மூக்கருகே இல்லை. தாடை வெட்டில் இல்லை; கழுத்தில் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். எங்கும் இல்லை.

நேரே குடியாத்தம் சென்றேன். அம்மையார் ஜன்னலருகே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"நான் தள்ளிய படத்தை என்னைக் கேளாமல் விற்றிருக்கிறீர்கள்."

"ரிஜெக்ட் ஆன சரக்கு கம்பெனிக்குத்தான சார் சொந்தம்? அப்ப நீங்கதான் இந்த ரூல் போட்டீங்க."

அது உண்மைதான். "அது போகட்டும். வட்டம் இல்லாமல் எதுவும் கையை விட்டுப் போகாது என்றீர்களே, அதில் ஏன் போடவில்லை?"

சீவிய பென்சிலை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பேனாவ எடுத்து வச்சிகினு அன்னிக்கி ரொம்ப நேரம் தேடுனேன் சார். எங்க போடுறது?"

அவர் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வட்டமிட்ட எருமைகள் அங்கிருந்து கூரியரில் ஊர்ஊராகப் போகின்றன. பேரணாம்பட்டுச் சாலை வீடும் கட்டி முடிந்து குடிவந்துவிட்டார்கள். படத்தை மட்டும் இன்னும் இறக்கவில்லை. அவ்வழியாகச் செல்லும்போதெல்லாம் காரை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன்.