பட்டியலில் இல்லாத எட்டுக் கிலோ

தெய்வத்தின் ஒத்தாசை துளிகூட இல்லாமல் வானேறப் போகும் உலகின் முதல் விமானம் பாலவனத்தத்தில்தான் தயாராகிறது என்று உதயகுமார் அறிவித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் டீ கொண்டுவந்தவர்கள்.

அவன் சொன்னது கைரோபிளேனை. தலைக்கு மேல் காற்றிலேயே சுழலும் விசிறி, முதுகில் தள்ளிவிடும் என்ஜின். ஹெலிகாப்டருக்குச் சித்தப்பா மகன் முறை. உடம்பு முழுக்கக் கார்பன் ஃபைபர். மாதிரி வண்டி நாற்பது மணி நேரம் பறந்து தேறிவிட்டது. அதே அச்சில் எடுத்த முதல் விற்பனை வண்டி, பழைய பஞ்சுக் கிட்டங்கியில் பளபளவென்று நின்றது.

"அண்ணே, டயருக்கடியில ஒரு எலுமிச்சம்பழமாச்சும் வைப்போமே," என்றாள் தங்கச்செல்வி. அச்சில் கார்பன் துணி விரித்துப் பிசின் தடவும் பிரிவுக்கு அவள்தான் தலைவி.

"பாகப் பட்டியல்ல எலுமிச்சம்பழம் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப டயருக்கடியிலயும் இருக்காது."

சொன்னதோடு விடாமல் போன மாதமே சுவரில் போர்டும் மாட்டியிருந்தான்: ‘பட்டியலில் இல்லாத எதுவும் வண்டியில் ஏறக் கூடாது.’

போன் அடித்தது. மாமனார் பால்சாமி. அருப்புக்கோட்டையில் உரக்கடை.

"வண்டி பறந்துருச்சா மாப்ளே?"

"வியாழக்கிழமை மாமா."

"பறந்துரும்ல?"

உதயகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழனன்று கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். வண்டி பறந்தால் பத்து வண்டிக்கு ஆர்டர். பறக்காவிட்டால் கிட்டங்கிக்குப் பூட்டு. மாமனார் கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். போன தீபாவளிக்கே இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தான். உரம் கேட்டு வந்த சம்சாரிகளையெல்லாம், "முதல்ல மண்ணைப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினான். அப்படிப்பட்ட நேர்மையான ஆளைக் கடைக்கு இழுக்கத்தான் மனுஷன் தினமும் போன் போட்டு நோட்டம் பார்க்கிறார் என்பது அவன் கணிப்பு.

செவ்வாய்க்கிழமை விமானி காசிராஜன் ஏறி உட்கார்ந்து, கருவேலங்காட்டை வெட்டிப் போட்ட ஓடுபாதையில் வண்டியை ஓட்டினார். பாதி தூரத்திலேயே முன்சக்கரம் அந்தரத்தில் ஆடியது. நிறுத்திவிட்டு இறங்கினார்.

"தம்பி, மூக்கைத் தூக்குது. நான் ஏற மாட்டேன்."

"அதே அச்சு, அதே என்ஜின், அதே நீங்க. எப்படிண்ணே?"

"என்னைய ஏன் பாக்குறீக? நான் அதே எடைதான்."

உதயகுமார் பேட்டரியை மூக்குப் பக்கம் மாற்றினான். ஒயர் எட்டவில்லை. நீள ஒயர் போட்டதும் என்ஜின் ஸ்டார்ட் ஆக மறுத்தது. பேட்டரியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டு, இருக்கையை முன்னால் தள்ளினான். காசிராஜனின் முழங்கால் மீட்டர் பலகையில் இடித்து வேகமானியின் கண்ணாடி விரிசல் விட்டது. இருக்கையைப் பின்னால் இழுத்துவிட்டு, மூக்கில் இன்னும் மூன்று அடுக்குக் கார்பன் ஒட்டச் சொன்னான். மூக்கு கனத்ததோ இல்லையோ, மூடி மூட மறுத்தது. ஒட்டியதை உரித்தெடுக்கச் சொன்னான்.

"ராத்திரி ஏழு பரோட்டா சாப்பிட்டு வாங்கண்ணே, முன்பக்கம் கொஞ்சம் எடை ஏறும்," என்றான் கடைசியாக.

"எனக்குச் சுகர் இருக்கு," என்றார் காசிராஜன்.

புதன்கிழமை காலையில் இரண்டு வண்டிகளையும் தராசில் ஏற்றினான். மாதிரி வண்டியின் மூக்கு எட்டுக் கிலோ கூடுதலாகக் காட்டியது. மூடியைக் கழற்றி, மீட்டர் பலகைக்குப் பின்னால் கையை விட்டான். சந்தனப் பொட்டு வைத்த மஞ்சப்பை ஒன்று வந்தது. உள்ளே செம்மண்.

"செல்வி!"

"அய்யனார் கோயில் பிடிமண்ணுண்ணே," என்றாள் தரையைப் பார்த்தபடி. "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாக."

"யாரு சொன்னாக?"

"அதையும் சொல்லக் கூடாதுன்னாக. இந்த வண்டிக்கும் ஒரு பை வந்துச்சு. நீங்கதான் போர்டு மாட்டிட்டீகளே! முருங்கைக்குப் போட்டுட்டேன். நல்லாக் காய்க்குது."

உதயகுமார் நெடுநேரம் யோசித்தான். எட்டுக் கிலோ இரும்பு வைத்தாலும் போதும்தான். ஆனால் நாற்பது மணி நேரம் சோதிக்கப்பட்டது மண்ணோடு பறந்த வண்டி. சோதித்ததை மாற்றாமல் தயாரிப்பதே உற்பத்தி விதி. பட்டியலின் கடைசியில், ‘பாகம் 213: மண், 8 கிலோ’ என்று எழுதினான்.

மத்தியானம், ஊர் அடங்கிய வெயிலில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அய்யனார் கோயில் வாசலில் குந்தி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். கையில் ஒரு கொக்கித் தராசு. எட்டாவது கிலோ ஏறியதும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டென்று ஒரு கும்பிடும் போட்டான்.

"ஒரு பிடி போதும்யா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பூசாரி. "உங்க மாமனாருகிட்டயும் இதைத்தான் சொன்னேன். அவுக கேக்கல. 'வண்டி பறக்கலேன்னா மாப்ள நம்ம கடைக் கல்லாவுல வந்து உக்காந்துருவாரு சாமி, இன்னும் ரெண்டு கை சேத்து அள்ளிக்கிறேன்'னுட்டாக."