ஒட்டினாலும் நிற்காது

“மேசையை விடு.”

“பெட்டியைக் குடுங்க.”

கால் மணி நேரமாக இதே பேச்சு. ஆராய்ச்சியாளர் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி. பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருக்கும் மனைவியோ மேசையில் சீருடையை விரித்துவிட்டு அசையாமல் நிற்கிறாள். பத்து மணிக்குள் அவர் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆறு வருட உழைப்பு அம்போ. இருந்த ஒரே நல்ல சட்டை கசங்கிக் கிடந்தது.

ஆய்வேடு பெட்ரி வலைகளைப் பற்றியது. ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலைகளை வட்டமும் கட்டமுமாக வரைகிற கணக்கு அது. வட்டம் என்றால் பொருள், கட்டம் என்றால் வேலை. தேவையான வட்டங்களில் எல்லாம் புள்ளி இருந்தால்தான் வேலை நடக்கும். தனித்தனியே தடங்கலில்லாமல் ஓடும் இரண்டு வலைகளைப் பொது வட்டங்களில் ஒட்டினாலும் ஓட்டம் நிற்காது என்று கேட்டகரி தியரி என்ற கணிதத்தை வைத்து நிரூபித்திருந்தார் மனிதர். யாராவது சந்தேகம் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார்.

“மாமா, மாடி வீட்டுல இன்னொரு பெட்டி வாங்கிட்டு வாங்களேன்!”

மாமியாரோடு நேற்று ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் வாங்கி வந்தார். பிளக் பாயின்ட் ஒன்றுதான். அதில் மாப்பிள்ளையின் பெட்டி.

“அத்தை, அந்த எக்ஸ்டென்ஷன் ஒயரைக் குடுங்க.”

“முதல்ல உங்க மாமா பெட்டியைக் குடுக்கட்டும்,” என்றார் மாமியார்.

“ஒயரைக் குடு, பெட்டியைத் தரேன்,” என்றார் மாமனார்.

இரண்டு பேர் நின்ற இடத்தில் இப்போது நான்கு பேர்.

“கடவுளே, ஒருத்தராவது விட்டுக்குடுங்களேன்!”

“நீங்க விடுங்களேன்,” என்றாள் மனைவி.

அவர் கையிலிருந்த பெட்டியையும் அவள் பிடித்திருந்த மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போவார், ஒருநாளும் நின்றதில்லை. அவள் மேசையைப் பிடித்துவிட்டுப் பெட்டிக்குப் போவாள், அவளும் நின்றதில்லை. ஒட்டியதும் நின்றுவிட்டது!

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வேட்டின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாக வரைந்தார்.

“அடேயப்பா! என் தேற்றம் தப்பு! எவ்வளவு அழகா நிக்குது பாரேன்! எல்லாரும் பொருளை ஒரே வரிசையில எடுக்கணும், அந்த ஒரு நிபந்தனை போதும். ஓடும்!”

கண் கலங்க நிபந்தனையை எழுதிச் சேர்த்தார். மணி எட்டே முக்கால்தான்.

மாமியார் ஒயரைக் கீழே போட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

“ஏம்மா, அந்த ஏட்டுல இருக்கிற ஓட்டை மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல, இனி உக்காரலாமா? நேத்து ஒத்திகையில இவ்வளவு நேரம் நிக்கணும்னு நீ சொல்லவேயில்லையே!”