ரப்பர் பாய்க்கு ஒரு மாலை

மின்சாரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத் தெரிந்த மனிதர், போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஈஸ்வரன் ஒருவர்தான். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். போடியில் நடந்த 'மின் பாதுகாப்பு' வகுப்பில், போண்டா வந்தபோதுகூட எழாமல் முன்வரிசையில் இருந்து கேட்டவர் ஆயிற்றே!

வரும்போதே ஒரு ரப்பர் பாயை வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். ஏலக்காய் காயவைக்கும் தன் ஸ்டோரில் ஆட்களைக் கூட்டினார். பாய்மேல் நின்றுதான் டிரையர் சுவிட்சைத் தொட வேண்டும், ஷாக் அடித்தவரைக் காய்ந்த கட்டையால்தான் தட்டிவிட வேண்டும் என்று முழங்கினார். முழங்கி முடித்ததும் பாயைச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். சேற்றுக்கால் பட்டால் புதுப் பாய் என்னத்துக்கு ஆகும்?

மழையில் ஸ்டோர் சுவர் ஓதம் கண்டது. டிரையர் போடும் தேவி, சுவிட்ச் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று வந்து நின்றாள்.

"லைன் பாக்குற ஆளை வரச் சொல்லுங்கண்ணே. இல்லாட்டி அந்தப் பாயையாச்சும் கொண்டாங்க. தொடவே பயமா இருக்கு."

ஈஸ்வரன் கண்ணை மூடி, வகுப்பில் கேட்டதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நிபுணர் தீர்ப்பு வழங்கினார்.

"அது கரண்டு இல்ல ஆத்தா. பிரமை. வெரசா சோலியைப் பாரு."

ஆயுத பூஜை வந்தது. பீரோவிலிருந்து வெளியே வந்த பாய், மாலையும் பொட்டுமாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கொலுவிருந்தது. சுவிட்ச் பெட்டியும் ஆயுதம்தானே? அதன் முன் செருப்போடு நிற்பது அபசாரம் என்று ஈஸ்வரன் செருப்பைக் கழற்றினார். பெட்டியை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னதற்குத் தேவி மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். பக்தியில்லாத ஜென்மம் என்று அலுத்துக்கொண்டு தானே துடைத்தார். இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சந்தனம் பூசினார்.

பிடித்த கை பிடித்தபடி நின்றது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தேவி காய்ந்த கட்டை ஒன்றை எடுத்து, வகுப்பில் சொன்னதைவிடக் கொஞ்சம் பலமாகவே அவர் கையில் ஒரு போடு போட்டாள். ஈஸ்வரன் ஏலக்காய் மூட்டைமேல் போய் விழுந்தார்.

கண் திறந்தபோது எதிரே பாய்தான் தெரிந்தது, மாலை கசங்காமல். ஸ்டோரிலேயே மிகுந்த பாதுகாப்போடு இருப்பது அதுதான் என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

"தேவி... கரண்டு..." என்று முனகினார்.

தேவி கட்டையைச் சுவரோரம் சாத்தினாள்.

"பிரமைதாண்ணே. எந்திரிங்க, சோலியைப் பாப்போம்."