அரசாங்கத்து ஆத்தாளும் என் இடது கையும்

அர்ச். செபஸ்தியார் துணை

கண்டி,
சனிக்கிழமை இரவு.

மாமா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். காட்டாதீர்கள் என்றால் வாசித்துக் காட்டவும் வேண்டாம். போன மாதம் பள்ளிக்கூடத்துக் கஞ்சியைப் பற்றி நான் எழுதியதை, கெலிஓயா வண்டிப் பேட்டையில் கதிரை போட்டு உட்கார்ந்து உரக்க வாசித்தீர்களாம். வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பு வண்டியோடு வண்டியாகக் கண்டிக்கு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை உபாத்தியாயினி அம்மா எனக்கு மட்டும் இரண்டு அகப்பை கஞ்சி கூடுதலாக ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இந்தக் கடிதம் அப்படிப் பயணம் செய்தால் எனக்குக் கஞ்சியோடு போகாது.

கனம் பொருந்திய சுவக்கின் மாமா அவர்களுக்கு, மருமகள் டொரதி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், என் வலது கை சுகம். இடது கையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். மாமியும் சின்னவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். கண் எரிகிறது, உடம்பு காய்கிறது, எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

அப்பாவின் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். தோட்டந்தோட்டமாக நடந்து அம்மைப்பால் குத்துகிறவர். உங்களுக்குத் தெரியாதது, அந்தப் பால் பாதி நாள் கண்டிக்கு வருவதற்குள்ளேயே செத்துவிடுகிறது என்பது. கொழும்பிலிருந்து கண்ணாடிக் குழாயில் அனுப்புகிறார்கள், வழியில் வெயில் பட்டுக் கெட்டுவிடுகிறது. அதை உயிரோடு வைத்திருக்க நம்பகமான இடம் ஒரு பிள்ளையின் கைதான். கையில் குத்தினால் ஒரு வாரத்தில் முத்துப்போலக் கொப்புளம் எழும்பும், அதிலிருந்து நீர் எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும், அந்தப் பிள்ளையின் கையிலிருந்து அதற்கடுத்த பிள்ளைக்கு. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல என்று அப்பா சொல்வார். விளக்குக்கு வலிக்காது. இந்த முறை மூன்று பேருக்குக் குத்தினார். ஒரு பிள்ளையின் தாய் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தேசிக்காய் பிழிந்து கழுவிவிட்டாள். இன்னொரு பையன் மரமேறித் தேய்த்துவிட்டான். மூன்றாவது நான். ஊருக்கெல்லாம் குத்திய அப்பாவுக்குத் தன் வீட்டிலும் குத்தாத பிள்ளை ஒன்று இருப்பது இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆகவே கண்டி முழுவதிலும் உயிரோடிருந்த அம்மைப்பால் என் இடது கையில்தான் இருந்தது.

அன்று தொடங்கி இந்த வீட்டில் என்னை யாரும் விசாரிப்பதில்லை, கையைத்தான் விசாரிக்கிறார்கள். "கை சாப்பிட்டுதா?" என்றே அப்பா ஒருநாள் கேட்டுவிட்டார். பள்ளிக்கூடம் நிறுத்தியாயிற்று. ஓடக்கூடாது, புரளக்கூடாது, தும்மும்போதுகூட வலப்பக்கம் திரும்பித்தான் தும்ம வேண்டும். இது போதாதென்று, இந்தப் போகத்துக்குத் திகனப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் தெருமுனைக் கோப்பி ஸ்டோருக்குக் கொட்டை பொறுக்க வந்திருக்கிற ராக்கம்மா, கைநிறைய வேப்பிலையோடு வந்து என் கைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எழும்பும்மா! இது உங்க ஆத்தா இல்ல. அரசாங்கத்தார் குடுத்த பால்."

"சரிங்கய்யா," என்று அவள் மறுபடியும் கும்பிட்டாள். "அரசாங்கத்து ஆத்தா."

அம்மா அன்றே மீன் பொரிப்பதை நிறுத்திவிட்டாள். நம்பிக்கை ஒன்றும் இல்லையாம், எதற்கும் இருக்கட்டுமாம். கொப்புளத்தில் யார் கண்ணும் படக்கூடாது என்று துணி சுற்றி, அப்பாவும் நாளைக்குத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டளை போட்டாள். அந்தத் துணிதான் இதுவரை என்னைக் காப்பாற்றி வருகிறது.

நாளை என்னவென்று சொல்கிறேன். தோட்ட வேலைக்கென்று அக்கரை இந்தியாவிலிருந்து மாத்தளை வழியில் நடந்து வந்த ஆட்களில் நாலைந்து பேருக்கு அம்மை போட்டிருக்கிறதாம். வழியோரத்துத் தங்கல் கொட்டகையான மடுவத்தில் தண்ணீர்கூட இல்லாமல் படுத்திருக்கிறார்களாம். அடுத்த கூட்டம் கண்டிக்கு வருவதற்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் குத்த வேண்டும் என்று அப்பா பறக்கிறார். ஆனால் ஆட்களை மேய்க்கிற கங்காணி விடாமல் லயத்துக்குள் யாரும் போக முடியாது. அதனால் அப்பா பல மாதமாகத் திகன, பல்லேகல, கம்பளை வழியெல்லாம் நடந்து, நாய்களிடம் கடி வாங்கி, கங்காணிமார் எல்லாரையும் நாளைப் பின்னேரம் எங்கள் முற்றத்துக்கு வரச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அவர்கள் கண்முன்னே என் கையிலிருந்து பால் எடுத்துப் பிள்ளைகளுக்குக் குத்த வேண்டும். பார்த்து மனம் ஒத்தால், ஒவ்வொரு பெரிய வழிக்கும் ஒரு அம்மைப்பால்காரர் வேண்டும், மாத்தளை வழியில் நல்ல தண்ணீரோடு ஒரு மடுவம் வேண்டும் என்று அப்பா எழுதி வைத்திருக்கும் விண்ணப்பத்தில் எல்லாரும் கையெழுத்துக்குப் பதில் புள்ளடி போட்டுக் கொடுப்பார்கள். ஒரு கங்காணி கேட்டால் துரைமார் காதில் விழாது, எல்லா வழிக் கங்காணிமாரும் சேர்ந்து கேட்டால் கொழும்பு வரை கேட்கும் என்கிறார் அப்பா. ஆஸ்பத்திரித் துரையும் வருகிறார். என் கையை வைப்பதற்குக் கோயிலிலிருந்து பட்டு மெத்தை இரவல் வந்திருக்கிறது.

எல்லாம் கறுப்பையா கங்காணி தலையசைப்பதில் இருக்கிறது. ஸ்டோருக்கு வந்திருக்கிற ஆட்கள் அவருடைய ஆட்கள், மற்றக் கங்காணிமார் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள். கொப்புளம் எழும்பிய அன்று அவரைக் கூட்டிவந்து அப்பா பெருமையாகக் காட்டினார். கங்காணி குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? எங்க லயத்துல மூட்டப்பூச்சி கடிச்சாலே இதவிடப் பெருசா வீங்கும்ங்கய்யா."

"இது ஒருக்கா வந்தா அம்மை வராது, கங்காணி."

"அது சரி. கை வீங்குனா புள்ள அழுவும், புள்ள அழுதா ஆயி வேலைக்கி வரமாட்டா, தொரை யாரை ஏசுவாரு? ஒங்களையா?" என்றவர், போகும்போது ஸ்டோர் வாசலில் நின்று பெண்களைப் பார்த்து, "நான் சொல்றதுக்கு முன்னாடி எவளாச்சும் கைய நீட்டுனா, பேர வெட்டிப்புடுவேன்," என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பேர் வெட்டினால் தோட்டத்தில் வேலையும் இல்லை, லயத்தில் இடமும் இல்லை.

மாமா, இனித்தான் நான் செய்ததை எழுத வேண்டும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அம்மா தினமும் பின்னேரம் என் கைக்காகச் செபஸ்தியார் நவநாளுக்குப் போவாள். அப்பா தோட்டங்களுக்குப் போயிருப்பார். வீட்டில் நானும் கையும்தான். அந்த நேரம் பார்த்து ராக்கம்மா குசினிப் பக்கமாகப் பிள்ளையோடு வந்தாள். "பாப்பா, கங்காணி வேணாம்னு சொல்லிட்டா எம்புள்ளைக்கி இல்லாமப் போயிரும். போன வருசம் மூத்தவள அம்மைக்கிக் குடுத்துட்டேன். இவனுக்கு ஒரு சொட்டு வச்சுவிடு," என்றாள். நான் முடியாது என்றேன். அப்பாவின் ஊசி லாச்சிக்குள் பூட்டியிருக்கிறது என்றேன். அப்போது பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பா கழித்துப்போட்ட ஊசி ஒன்று அலுமாரியின் மேல்தட்டில் இருப்பது எனக்கு நினைவு வந்துவிட்டது. அப்பா செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஊசியைத் துடைத்து, கொப்புளத்தின் ஓரத்தில் மெல்லக் குத்தி, வந்த நீரைப் பிள்ளையின் கையில் வைத்துக் கீறினேன். பிள்ளை அழவில்லை, நான்தான் அழுதேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ராக்கம்மா சத்தியம் செய்தாள்.

மறுநாள் அவளுடைய நாத்தனார் பாலம்மா வந்தாள். "மதினி யாருகிட்டயும் சொல்லலீங்க, எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா." அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களிடமும் யாரும் சொல்லவில்லையாம். எல்லாருக்கும் பின்னால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மூலைப் புடைவைக் கடைக்காரரின் மனைவி பஸீஹா நின்றார். அந்தக் கடைக்காரர் இந்தப் பால் மாட்டுக்கு வந்த நோய் என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர். "மகள், எங்கட வூட்டு ஆளுக்குத் தெரியா, ஒங்கட அப்பாக்கும் சொல்ல வாணாம். எங்கட புள்ளைக்கும் கொஞ்சம் வெச்சி உடுங்க," என்றார். அவர் கொண்டுவந்த தொதல் இனிப்பை நான் வாங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வாங்கினேன். அதற்குள் குசினி வாசலில் யார் முதலில் என்று சண்டை வந்துவிட்டது. சத்தமே வராமல் சண்டை பிடிக்கிறார்கள், மாமா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாருமே வெளியில் கேட்டால் இந்தப் பால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள்.

நேற்று, எல்லாம் முடிந்தது என்று நான் துணியைச் சுற்றும்போது அழகம்மா வந்தாள். கறுப்பையா கங்காணியின் மருமகள். இடுப்பில் அவருடைய ஒரே பேரன். "எங்க மாமனாருக்குத் தெரிஞ்சா என்னையத் தோல உரிச்சிருவாருங்க. ஆனா இவனுக்கு வந்திருச்சின்னா அவரால என்ன செய்ய முடியும்?" என்றாள். அமுக்கிப் பார்த்தேன். கடைசிச் சொட்டு வந்தது. வைத்துவிட்டேன்.

இப்போது துணியைப் பிரித்துப் பார்த்தேன். கருகிய கோப்பிக்கொட்டை மாதிரி ஒரு பொருக்கு. பால் இல்லை. நாளைக்கு இதைத்தான் பட்டு மெத்தையில் வைப்பார்கள். அப்பா குத்துவார், ஒன்றும் வராது. கங்காணிமார் சிரித்துவிட்டுப் போவார்கள், விண்ணப்பம் அப்படியே கிடக்கும், மாத்தளை வழியில் வருகிற அம்மை யாரையும் கேட்காமல் லயத்துக்குள் நுழையும். அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியாது, அவர் நடந்து நடந்து இளைத்துப் போயிருக்கிறார். உண்மையைச் சொன்னால், இன்னும் ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் கைகளில் பால் முற்றும், பொறுங்கள் என்று அப்பாவால் சொல்ல முடியும். ஆனால் எந்தப் பிள்ளைகள் என்று கங்காணி கேட்பார். அத்தனை தாய்மாரின் பேரும் வெட்டுப்படும், அழகம்மாவின் கதி என்னவாகும் என்று எழுதவே பயமாயிருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு உண்மையிலேயே சொல்லாமல் இருக்கிறவள் நான் ஒருத்திதான்.

ஆகையால் மாமா, கெலிஓயாவுக்கு வருகிற வண்டிக்காரர் வீரையாவின் வண்டி கோழி கூவுமுன் புறப்படும், அதில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கண்டவுடன் குதிரை வண்டி பிடித்து, கூட்டம் கூடுமுன் வந்து என்னைக் கூட்டிப்போய்விடுங்கள். மாமிக்குச் சுகமில்லை, துணைக்குப் பெண்பிள்ளை வேண்டும் என்று சொல்லுங்கள். மாமிக்கு எந்த நோயை வேண்டுமானாலும் வையுங்கள், அம்மை மட்டும் வேண்டாம். அப்பா ஊசியோடு கூடவே வந்துவிடுவார்.

மாமியின் கைகளுக்கு என் முத்தம். சின்னவர்களைத் தேவமாதா காப்பாராக. உங்கள் வண்டிக்கு நல்ல குதிரை கிடைப்பதாக.

இங்ஙனம்,
நேற்றுவரை கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
டொரதி.

பி.கு. மாமா, வர வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாமி சுகமாகவே இருக்கட்டும். கடிதத்தை மடிக்கும்போது குசினிப் பக்கம் யாரோ செருமினார்கள், அப்பா எழுந்து போனார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சு விடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்திருப்பது கறுப்பையா கங்காணி!

"நாளைக்கிக் கூட்டத்துல நான் கொஞ்சம் முறுக்கிக்கிட்டுத்தான் நிப்பேன், மனசுல வச்சுக்காதீங்கய்யா," என்கிறார். "ஆளுங்க முன்னாடி ஒடனே தலையாட்டுனா கங்காணிக்கி என்ன மருவாதி? ஆனா மொதச் சொட்டு நம்ம பேரனுக்கு. இப்பவே. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"புள்ளடி?" என்கிறார் அப்பா.

"இவன் கையில பாலு இருந்தா, நான் போடுறேன். நான் போட்டா அம்புட்டுப் பேரும் போடுவான்."

மாமா, அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறதே! அவராகவே கேட்டு வந்தபிறகு அழகம்மாவை எந்த வாயால் ஏசுவார்? அடுத்த வாரம் ஊருக்கெல்லாம் பால் அவர் வீட்டிலிருந்துதானே எடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு சின்னவர்களையும், கெலிஓயாவில் யார் யார் பிள்ளைகள் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் வண்டியில் ஏற்றி வாருங்கள். அழகம்மாவும் வந்திருக்கிறாள், பிள்ளை சிணுங்குவது கேட்கிறது.

"புள்ளையின்ட சட்டையக் கழட்டும்மா," என்கிறார் அப்பா.

"இவனுக்குக் குளுருதுங்க," என்கிறாள் அழகம்மா.

"கழட்டு புள்ள, ஐயா சொல்றாருல்ல?"

இப்போது ஒரு சத்தமும் இல்லை. விளக்கை எடுத்து மாற்றி வைக்கிறார்கள். நான் வைத்த கீறலைப் பார்த்துவிட்டார்கள், மாமா. அப்பா ஒரு தடவை இருமினார். அவருடைய காலடி இந்தப் பக்கமாக வருகிறது, நின்றுவிட்டது. என் கதவைத் தட்டுகிறார். அடிக்க வருகிறவர் தட்டிவிட்டு நிற்க மாட்டார்தானே, மாமா? மறுபடியும் தட்டு