பரசுராமனின் வயிறும் பதினோரு பௌர்ணமியும்

அன்று காலை கழிவறையிலிருந்து வெளியே வரும்போது பரசுராமன் ஒரு தீர்மானத்தோடு வந்தார். உள்ளே பார்த்ததை உலகத்தில் ஒருவருக்கும் சொல்வதில்லை. உலகம் என்றால் மனைவி ஜோதியம்மாள். மற்றவர்கள் யாரும் அவருடைய மலத்தின் நிறத்தை விசாரித்ததில்லை.

கறுப்பாக இருந்தது. ரோடு போடுகிறவர்கள் மிச்சம் வைத்துப் போன தார் போல. நாவல்பழம் தின்றால் அப்படிப் போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாவல்பழம் தின்று எட்டு மாதம் ஆகிறது என்பதைத் தனக்குச் சொல்லவில்லை.

அடி அண்ணாமலையில் அவர் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் பரசுராமன்தான். தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசை, சீட்டு, கையெழுத்து மூன்றும் அவருக்குப் பழகிய யானைகள். எதிர்வீட்டு அப்பாசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சூடு பிடித்திருக்கிறது, ஒரு சோடா போதும் என்றபோது, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர் இவர்தான். "உடம்பு மெதுவா சொல்லும்போதே கேட்டுக்கணும்யா. அது கத்தற வரைக்கும் காத்துக்கினு இருக்கக் கூடாது" என்று அன்றைக்கு அவர் சொன்னதை அப்பாசாமி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் உடம்பு சொன்னபோது மட்டும் பரசுராமன் அதை வாயை மூடச் சொன்னார்.

பயம்தான். ஊராருக்கு வருகிற வியாதியெல்லாம் மருந்தில் தீருகிற வியாதி. தனக்கு வந்திருப்பதுதான் பெயர் சொல்லக்கூடாத அந்த ஒன்று. டாக்டர் வாயிலிருந்து பெயர் வருகிற வரைக்கும் அது வெறும் வயிற்று வலி. அதுவரைக்கும் வெயிலும் காபியும் பேப்பரும் வழக்கம்போல இருக்கும்.

வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. முதலில் வெறும் உப்புசமாக இருந்தபோதே, பதினோரு பௌர்ணமி கிரிவலம் வருவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டார். நாலு முடிந்திருந்தது. பதினாலு கிலோமீட்டர், வெறும் கால், வெறும் வயிறு. அறுபத்தொரு வயது முழங்கால்கள் மறுநாள் வேலைநிறுத்தம் செய்தன. மெடிக்கலில் கேட்டதும் மூட்டுவலி மாத்திரை கொடுத்தார்கள். நடப்பதற்கு முன்னால் இரண்டு, நடந்தபின் இரண்டு என்று ஆரம்பித்தது, அப்புறம் தினமும் காலையில் ஒன்று என்று ஆனது. முழங்கால் அடங்கியது. வயிறு எரிந்தது. எல்லாம் வாயுதான் என்று, கிரிவலப் பாதையில் வாயு லிங்கத்தின் முன்னால் கூடுதலாக ஒரு நிமிஷம் நின்றார். எந்த மனுவை எந்த மேஜையில் கொடுக்க வேண்டும் என்று தெரியாதவரா அவர்?

"வேண்டுதல்னா நம்மகிட்ட இருக்கறதுல எது பெரிசோ அதக் குடுக்கணும், ஜோதி. தேங்காய உடைச்சிட்டு உயிரக் கேட்டா சாமி சிரிக்கும்" என்பார். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே சொல்வார். அடர்ந்த முடி அவருக்கு. நெற்றியில் ஒரு சுருள் தானாக வந்து விழும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாயம். தாலுகா ஆபீசில் எத்தனையோ தாசில்தார்கள் மாறினார்கள், அந்தச் சுருள் மாறவில்லை.

அன்று காலை வழக்கம்போல இரண்டு இட்லி வைத்தாள் ஜோதியம்மாள். ஒன்றரையோடு எழுந்துவிட்டார்.

"இன்னாங்க, அதுக்குள்ள எழுந்துட்டீங்க?"

"கேஸ்."

"போன மாசமும் கேஸுன்னீங்க."

"அது வேற கேஸ்."

"சிலிண்டரே நாப்பது நாள்ல தீந்துடுது. உங்களுக்கு இன்னா நாலு மாசமா தீரவே மாட்டேங்குது? ஒரு நடை டாக்டராண்ட போயிட்டு வரலாம்."

"பௌர்ணமி முடியட்டும்."

"பேண்ட்டு இடுப்புல நிக்கல."

"கிரிவலம் போனா இளைக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் வெளிநாட்டுக்காரன்லாம் இவ்ளோ தூரம் வரான்."

"அவங்க ஆசிரமத்துல கண்ண மூடி உக்கார வராங்க. மாடிப்படில மூச்சு வாங்கிக்கினு உக்கார வரல."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பகல் முழுக்கப் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று பரசுராமன் பேப்பரை இரண்டாம் தடவை படித்தார். ஜோதியம்மாள் வாயை மூடினால் அதற்குப் பெயர் அமைதியல்ல, ஆயத்தம் என்று முப்பத்தாறு வருஷத்தில் அவர் கற்றிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்தார். ஜோதியம்மாள் கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் படுத்து அவர் பார்த்ததே இல்லை.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே."

"இன்னா?"

"வயிறு எரியுது. ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல. படி ஏறினா மூச்சு வாங்குது. ஒரு மாசமா இருக்கு." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேத்துலேர்ந்து வெளிய போனா கறுப்பா போவுது."

"எப்படிக் கறுப்பு?"

"தாரு மாதிரி."

பால் பாக்கெட் கீழே விழுந்தது. முப்பத்தாறு வருஷமாக ஒரே குழம்பு, ஒரே தண்ணீர். நம்மிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ? ஜோதியம்மாள் இல்லாத வீட்டை ஒரு கணம் பார்த்தார். அடுப்பு இருந்தது, பாத்திரம் இருந்தது, கொடியில் துண்டு இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"எழுந்திரு. கெளம்பு."

"எதுக்கு? கேஸா இருக்கும்."

"கேஸுக்குக் கறுப்பா போவுமா?"

"நாவப்பழம் சாப்பிட்டேனோ என்னவோ."

"பங்குனில ஏதுடி நாவப்பழம்?"

"பௌர்ணமி முடியட்டுங்க."

"பௌர்ணமி வரைக்கும் ரத்தம் காத்துக்கினு இருக்குமா? உள்ள கசிஞ்சாத்தான் அப்படிக் கறுப்பா போவும். அன்னிக்கே ஓடணும். இதப்போயி ஒளிச்சு வெப்பாங்களா? நாலு எழுத்துப் படிச்சவதானே நீ?"

சொல்லி முடித்த பிறகுதான், தனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவருக்கே உறைத்தது.

ஜோதியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். வெளியே போகிற புடவைதான் கட்டியிருந்தாள். கைப்பை தலைமாட்டிலேயே இருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

டவுனில் அந்த ஆஸ்பத்திரியின் ஜன்னல் முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, பரசுராமன் சீட்டு வாங்கவில்லை. "நீங்க உக்காருங்க, பேர நான் குடுக்கறேன்" என்றாள் அவள். அவரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் கீதாஞ்சலிக்கு அவர்களுக்கு மகளாகிற வயது இருக்கும். "சொல்லுங்க" என்றார். ஜோதியம்மாள் புடவைத் தலைப்பைப் பார்த்தாள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று பரசுராமன் முந்திக்கொண்டார்.

"எரிச்சல் டாக்டர். இங்க." தன் மேல்வயிற்றிலேயே விரலை வைத்தார்.

"எப்போ ஜாஸ்தியா இருக்கு?"

"விடியக்காலம் எழுப்பி விட்டுடும். ஒரு டம்ளர் பால் குடிச்சா அடங்கும். கொஞ்ச நேரத்துல மறுபடியும்."

"மலம்?"

"தாரேதான். பளபளன்னு, பிசுபிசுன்னு. அந்த நாத்தமே வேற. நேத்து ரெண்டு தடவை, இன்னிக்கு ஒரு தடவை."

"தலைசுத்தல்?"

"குனிஞ்சு செருப்பு மாட்டினா கண்ணு இருட்டும்."

"இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல" என்றார் டாக்டர். பரசுராமனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "மூட்டுவலிக்கு மாத்திரை ஏதாவது உண்டா?"

"சேச்சே, அவளுக்கு மூட்டுவலியே கெடையாது."

ஜோதியம்மாள் கைப்பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள். நாலு மாதமாகத் துவைக்கும்போது சட்டைப் பைகளிலிருந்து எடுத்துச் சேர்த்தவை. ஒரு சின்னக் குன்று.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "பரசுராமன், வயசு அறுபத்தொண்ணு. கட்டில்ல படுங்க சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். "அப்ப உனக்கு?"

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கேன்."

"கறுப்பா போவுதுன்னியே."

"உங்களுது. ஒரு சொம்பு ஊத்திட்டு வந்துட்டா போதுமா? எதிர ஒரு பக்கெட்டு தண்ணி இருக்கில்ல. அடுத்துப் போனவ கண்ணுல படாதா?"

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குழாய் உள்ளே இருந்த நேரம் முழுவதும் அவரால் பேச முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயருக்காகக் காத்திருந்தார். இடது கால் பெருவிரலை யாரோ இறுகப் பிடித்திருந்தார்கள். கடைசிவரை விடவில்லை.

"புண்ணு" என்றார் டாக்டர். "சிறுகுடல் ஆரம்பத்துல. மாத்திரையால வந்தது, வேற ஒண்ணுமில்ல. ரத்தம் ஏத்தி, மருந்து குடுத்தா ஆறிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மயங்கி விழுந்துதான் வந்திருப்பீங்க." பிறகு, கிரிவலக் கதையை ஜோதியம்மாள் சொல்லக் கேட்டுவிட்டு, அட்டைக் குன்றைக் குப்பைக்கூடையில் தள்ளினார். "வயித்துக்காகக் கிரிவலம். கிரிவலத்தால முட்டிவலி. முட்டிக்கு மாத்திரை. மாத்திரையால வயிறு. நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க சார்."

மாலையில் அப்பாசாமி சாத்துக்குடியோடு வந்தார். கட்டிலருகில் உட்கார்ந்து, "உடம்பு மெதுவா சொல்லும்போதே" என்று ஆரம்பித்தார். பரசுராமன் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோ போகப் போக மலையும் கூடவே வந்தது. இத்தனை வருஷம் பார்த்த மலைதான். அன்றைக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"மிச்சம் ஏழு பௌர்ணமி இன்னா ஆவறது, ஜோதி? வேண்டுதல் பாதில நிக்குதே."

"அதுக்குப் பதிலா நான் வேற வேண்டிக்கினேன். நீங்க ஆஸ்பத்திரிப் படி ஏறிட்டா மொட்டைன்னு."

பரசுராமன் அவள் பக்கம் திரும்பினார். அவள் பின்னலைப் பார்த்தார். கல்யாணத்தன்று இடுப்பைத் தாண்டித் தொங்கியது, இப்போது நரைத்து விரல் தடிமன் ஆகியிருந்தது. இதையா கொடுக்கப்போகிறாள், தனக்காக? கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எனக்காக உன் முடியவா ஜோதி?"

"இதுல இன்னா இருக்கு சாமிக்குக் குடுக்க? நம்மகிட்ட இருக்கறதுல எது பெரிசோ அதக் குடுக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் நெற்றியில் விழுந்திருந்த சுருளை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, அவள் ஆட்டோக்காரரிடம் சொன்னாள்:

"அண்ணே, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கோயிலாண்ட, மொட்டை போடற எடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துங்க."