குலுக்காமல் திறக்க வேண்டிய பெட்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் இரும்புப் பெட்டியின் கதவை நீங்கள் மூடினீர்கள். மூடியதோடு விடாமல் கைப்பிடியையும் திருப்பினீர்கள். குற்றத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நலம் விசாரித்தபின் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நிற்க. நீங்களும் சம்பந்தியம்மாவும் நலந்தானே? மாப்பிள்ளை, என் மகள், பேத்தி மூவரும் சுகம் என்று தொலைபேசியில் அறிந்தேன். இங்கே நானும் என் மனைவியும் சுகமாக இல்லை. காரணம் மேலே.

அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பழைய சாமான் கடை மூலையில் கிடந்ததைக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, கதவிலிருக்கும் பித்தளைப் பூவை எலுமிச்சம்பழம் தேய்த்துப் பொன்னாக்கியவன் நான். அதற்குச் சாவி கிடையாது. விற்றவனிடமும் இல்லை, அவனுக்கு விற்றவனிடமும் இல்லை. கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினால் தானே பூட்டிக்கொள்ளும், பிறகு பிரம்மதேவன் வந்தாலும் திறக்காது. அதனால்தான் கதவிடுக்கில் எப்போதும் ஒரு துண்டை மடித்துச் செருகி வைத்திருப்பேன். இது பால்காரருக்குக்கூடத் தெரியும்.

நம் சதுரங்கப் பலகையை அதற்குள் ஏன் வைத்தோம் என்பதும் தெரியும். நம் பேத்திதான் காரணம். இங்கே வரும்போதெல்லாம் ராணியை வாயில் போட்டுக்கொள்வாள், குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று வாளிக்குள் முக்குவாள். பாதியில் நின்ற ஆட்டம் அடுத்த ஞாயிறு வரை அசையாமல் இருக்க இந்த வீட்டில் அந்தப் பெட்டியின் நடுத்தட்டைத் தவிர வேறு இடம் இல்லை.

நீங்கள் கணக்கு வாத்தியார். நான் பேருந்துப் பணிமனையில் உதிரிப் பாகங்களை அடுக்கி வைத்தவன். எனக்குச் சதுரங்கம் யாரும் சொல்லித் தரவில்லை. அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வாங்கி நானே கற்றேன், அதில் கடைசி அத்தியாயம் இல்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாள் முதல் ஒரு தடவைகூட உங்களை நான் ஜெயித்ததில்லை. நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. தோற்றதைவிட அதுதான் எரிச்சல்.

அந்த ஞாயிறு என்ன நடந்தது? உங்கள் ராணி தானாக வந்து என் ராஜாவின் பக்கத்தில் நின்றது. நீங்கள் ‘செக்’ என்று சொன்னதே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னீர்கள். நான் யானையால் ராணியை வெட்டினேன். மனிதருக்குக் கண் மங்கிவிட்டதோ என்று எனக்கே பாவமாகப் போய்விட்டது. அடுத்து நகர்த்த வேண்டியவர் நீங்கள். நிதானமாக யோசிக்கட்டும் என்று காப்பி கொண்டுவர அடுப்படிக்குப் போனேன். போன இடத்தில் என் மனைவியிடம் சம்பந்தியின் கதை இன்றோடு முடிந்தது என்று சொன்னேன், மகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன். மறுக்கவில்லை. கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். திரும்பி வந்தால் பலகை பெட்டிக்குள், துண்டு தரையில், கைப்பிடி திரும்பிக் கிடக்கிறது, நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

“கதவுன்னா சாத்தறதுதானே சம்பந்தி, கை பழக்கத்துல சாத்திருச்சு. விடுங்க, அடுத்த வாரம் புதுசா ஒண்ணு ஆடுவோம்” என்றீர்கள்.

விடுவேனா? காய்கள் எங்கெங்கே நின்றன என்று அன்றைக்கே தொலைபேசியில் கேட்டேன். ஞாபகமில்லை என்றீர்கள். எப்போதோ படித்துவிட்டுப் போன பையனின் மதிப்பெண்ணை இன்றைக்கும் சொல்கிற மனிதருக்கு ஞாபகமில்லையாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் அடுக்கினால் அது நான் சொல்கிற கதை, பெட்டிக்குள் இருப்பதுதான் சாட்சி. ஆகவே பெட்டி திறந்தாக வேண்டும். பெட்டிக்கும் கீறல் படக்கூடாது, உள்ளே ஒரு சிப்பாயும் நகரக்கூடாது.

முதலில் வெல்டிங்காரர் வந்தார். பெட்டியை மல்லாக்கச் சாய்த்தால் கைக்கு வாகாக இருக்கும், பின்பக்கத் தகட்டை வெட்டிவிடலாம் என்றார். சாய்ப்பதாவது, வெட்டுவதாவது. நான் கதவில் முதுகை முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் மனைவியிடம், உள்ளே நகை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். “நகையெல்லாம் இல்லைங்க, இவரோட ராஜா உள்ள மாட்டிக்கிட்டாரு” என்றாள் அவள். மனிதர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். போகும்போது வாசல் கதவைச் சாத்தாமல் போனார். அந்தப் பண்பு உங்களுக்கு இல்லை.

அடுத்து என் மைத்துனர், கூப்பிடாமலே. பழைய பூட்டெல்லாம் ஒரு தட்டுக்குத்தான் காத்திருக்கும் என்று சொல்லிச் சுத்தியலில் துணியைச் சுற்றி, நான் வேண்டாம் என்று குனிந்து தடுப்பதற்குள் ஓங்கித் தட்டிவிட்டார். டொக்கென்று ஒரு சத்தம். உள்ளே என் ராஜா சாய்ந்துவிட்டார் என்றே முடிவு கட்டினேன். தம்ளரைக் கதவில் கவிழ்த்துக் காதை வைத்துச் சாயங்காலம் வரை கேட்டேன். எழுந்திருக்கும்போது மறுபடி அதே டொக். என் முட்டி. முட்டிக்குத் தைலம் தேய்த்தாயிற்று. மைத்துனரோடு பேச்சு இல்லை.

பெட்டி இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாஷிங் மெஷின். அது துணி பிழியும்போது வீடே சாமியாடும் என்பதால் அதை நிறுத்திவைத்தேன். மாடிக் குடித்தனக்காரரை நுனிக்காலில் நடக்கச் சொன்னேன், அவர் இப்போது என்னைக் கண்டாலே நுனிக்காலில் நழுவுகிறார். நேற்று இவள் ஈரத்துணி மூட்டையை என் முன்னால் தொப்பென்று போட்டு, “கல்லுல அடிச்சு அடிச்சு என் இடுப்பு போச்சு. நீங்க செக் வெச்சது சம்பந்திக்கா, எனக்கா?” என்று கேட்டாள். மூட்டையை மெதுவாகக் கீழே வைக்கும்படி சொன்னேன். அதன்பிறகு எனக்கு ராத்திரிச் சாப்பாடு பரிமாறியவன் நானே.

இப்போது ஒரு பூட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வேலை தெரிந்தவர், ஆனால் முதலில் பூட்ட வேண்டியது அவர் வாயைத்தான். பல் வெட்டாத வெறுஞ்சாவி ஒன்றை மெழுகுவர்த்தியில் கரிபிடிக்க வைத்து, துவாரத்தில் விட்டு இலேசாகத் திருப்புகிறார். கரி எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே அரத்தால் ஒரு ராவு. மறுபடி கரி, மறுபடி ராவு, நடுவில் தன் மூன்று மச்சினன்களின் வரலாறு. சதுரங்கமும் ஆடுவாராம், ஆட்டத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறதாம். பெட்டியை ஒரு நூல்கூட அசைக்காமல் இன்றைக்கோ நாளைக்கோ திறந்துவிடுவதாகச் சொல்கிறார்.

எனவே இனி செய்ய வேண்டியவை. கதவு திறக்கும்போது நீங்கள் நேரில் நிற்க வேண்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. சம்பந்தியம்மா சாட்சியாக வர வேண்டும், அவர் பொய் சொல்லமாட்டார். யாரும் மூச்சு விடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை போனில் பலகையைப் படமெடுக்க வேண்டும். என் மகள் பேத்தியை இடுப்பைவிட்டு இறக்கக்கூடாது. என் மைத்துனர் தெருவோடு நிற்க வேண்டும். இவள் ஆட்டம் முடியும்வரை மெஷினைத் தொடக்கூடாது. அப்புறம் நீங்கள் உங்கள் காயை நகர்த்தி, முறைப்படி தோற்று, எல்லார் முன்னாலும் தோற்றேன் என்று வாயால் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் என்ற மரியாதையெல்லாம் பலகைக்கு வெளியேதான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். என்னிடம் தோற்பதற்காகவாவது நீங்கள் நூறு வயது திடமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எந்தக் கதவையும் மூடாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறை ஒட்டும்போது பெட்டி திறந்துவிட்டது. கீறல் இல்லை. ஒரு காய்கூடச் சாயவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பூட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். “ஐயா, அடுத்து கறுப்புதானே? கறுப்பு யாரு?” என்றார். சம்பந்தி என்றேன். வந்ததிலிருந்து மூடாத வாயை அப்போதுதான் மூடினார்.

உங்கள் குதிரையை அதன்பிறகுதான் பார்த்தேன். ஒரே தாவல், மேட். என் ராஜா நகர இடமில்லை, சுற்றி நிற்பதெல்லாம் என் ஆட்களே. என் யானையை ராஜாவின் பக்கத்துக்கு இழுத்து வழியடைக்கத்தான் ராணியைக் கொடுத்திருக்கிறீர்கள். என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இது இருந்திருக்கும். அந்தத் தாவலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அடுப்படியில் மகளிடம் பேசியதை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். இதுபற்றி நேரில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

மேலே சொன்ன எதையும் யாரும் செய்ய வேண்டியதில்லை. எழுதியதை அடிக்கும் பழக்கம் எனக்கில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். மைத்துனர் சுத்தியலால் அடித்ததில் காய்கள் சரிந்துவிட்டன என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அதையே சொல்லவும். அவரோடு எனக்கு ஏற்கெனவே பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வேறு பலகை கொண்டுவாருங்கள். நம்முடையது உள்ளே இருக்கிறது. கதவை நானே சாத்தி, கைப்பிடியை நானே திருப்பிவிட்டேன். எனக்கு வேண்டாம் என்றதால் சாவியைப் பூட்டுக்காரரே எடுத்துப் போய்விட்டார். இவளிடம் மெஷினைப் போடச் சொல்லிவிட்டேன். இதோ, துணி பிழிகிறது. பெட்டி குலுங்குகிறது. குலுங்கட்டும்.